இருபத்துநாலு வாய்ப் பெட்டி

ஒரே ஒரு ஊரிலே, ஒரே ஒரு கண்ணாடி அலமாரிக்குள்ளே, இருபத்துநாலு வாயும் இருபத்துநாலு பச்சைக் கண்ணும் உள்ள ஒரு பெட்டி இருந்ததாம். அதற்குச் சோறு வேண்டாமாம், தண்ணீர் வேண்டாமாம், கரண்ட் மட்டும் போதுமாம். உம் கொட்டுங்கள். நான் வளர்ந்த வீட்டில் கேட்கிறவர் உம் கொட்டாவிட்டால், சொல்கிறவர் கதையை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார். பின்னால் நெட்வொர்க் வேலைக்கு வந்தபோது, ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றைக் கூப்பிட்டு அது பதில் கொடுக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் பரிசோதனை என்று சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை.

எந்தக் கம்பெனிக்குப் போனாலும் எங்களுக்கு முதலில் பழக்கமாவது அதன் கூரை; மனிதர்கள் அப்புறம்தான். ஏணியில் ஏறி, சீலிங் பலகையை நகர்த்தி, எலிப்புழுக்கை வாசத்தில் தலையை விட்டு நீலக் கேபிளைத் தள்ளிக்கொண்டே போன என் சகோதரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒவ்வொரு மேஜையிலிருந்தும் ஒரு கேபிள் கிளம்பிப் போய், ஸ்விட்ச் என்கிற அந்தப் பெட்டியின் ஒரு துளையில் சொருகிக்கொள்ளும். அந்தத் துளைக்குப் போர்ட் என்று பெயர்; அதற்கு மேல் எரியும் சின்னப் பச்சை விளக்குதான் கண். என்னோடு வேலை பார்த்த ஃபயாஸ் அதை வாய் என்றுதான் சொல்வான். எனக்கும் அதுவே வந்துவிட்டது.

பேர் ஒட்டியது

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி. கீழே தையல் ஹால், மாடியில் ஆபீஸ், பின்பக்கம் தோல் பதனிடும் டேனரி. தலைமை ஆபீஸ் மெட்ராஸில். மாடியில் எல்லா மேஜைக்கும் கம்ப்யூட்டர், எல்லாக் கம்ப்யூட்டரும் ஒன்றோடு ஒன்று பேச வேண்டும் என்று அங்கிருந்து உத்தரவு வந்தது. வேலூரில் நான் வேலை பார்த்த சின்ன கம்பெனிக்கு அந்த வேலை கிடைத்து, எபி என்கிற என்னையும் ஃபயாஸையும் அனுப்பினார்கள். ஃபயாஸ் ஆம்பூர்க்காரன். ஏணி மேலே அவன், கீழே நான். நான் மெதுவாகப் பேசுகிறவன். கீழேயிருந்து நான் சொல்வது மேலே போய்ச் சேராது. "மச்சான், நீ பேசறது உனக்காவது கேக்குதா?" என்பான்.

கேபிள்களை இழுத்து முடித்து, எந்த வாய் எந்த மேஜைக்கு என்று சீட்டு ஒட்ட வேண்டிய கட்டம். வழக்கமாக மேஜை நம்பரைத்தான் எழுதுவோம். ஆனால் இந்த ஆபீஸில் ஒவ்வொரு முறை வெளிநாட்டுக்காரர்கள் வந்துபோகும்போதும் மேஜைகளை மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். என்ன எழுதுவது என்று பர்சனல் மேனேஜர் சம்பத் சாரிடம் கேட்டேன். ஆள் எடுப்பது, லீவு கொடுப்பது, கண்டிப்பது எல்லாம் அவர்தான். சிரிக்கமாட்டார், எங்களைப் போன்ற வெளியாட்களோடு நின்று பேசவும்மாட்டார். பேரையே எழுதச் சொன்னார். ஒன்றாம் வாய் அவருக்கு. ஒன்பது, பர்ச்சேஸ் வேணு சாருக்கு. பதினாலு, கப்பலுக்குப் போகும் பேப்பர்களைத் தயார்செய்யும் கிரேஸ்மேரி அக்காவுக்கு. "முழுப் பேரையும் எழுது தம்பி. கிரேஸ்னு மட்டும் போட்டா அது கீழ கட்டிங்ல இருக்கிற பொண்ணு" என்றார் அக்கா. பதினைந்து, பக்கத்து மேஜை அக்கவுண்ட்ஸ் யூசுப் பாய்க்கு. ஆள் மாறினால் சீட்டையும் மாற்ற வேண்டிவருமே என்று சம்பத் சாரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: "மேஜைதான்பா இடம் மாறும். ஆளு எங்க போகப்போறான்?"

எல்லோரும் பேசிய நாள்

வேலை முடிந்த பிறகும் பராமரிப்புக்கு என்று எங்களை அங்கேயே போட்டுவிட்டார்கள். ஒரு நாள் காலை ஆபீஸ் முழுவதும் நின்றுபோனது. பெட்டியைப் போய்ப் பார்த்தால், இருபத்துநாலு கண்ணும் ஒரே நேரத்தில் பித்துப் பிடித்ததுபோல் அடித்துக்கொள்கின்றன. இந்த நோய் நம் ஆட்களுக்குத் தெரியும். ஒரு கேபிளின் இரண்டு முனையும் ஒரே பெட்டிக்குப் போய்விட்டால், பெட்டி தான் சொன்னதைத் தானே கேட்டு, அதையே மறுபடி சொல்லி, அதையும் கேட்டு, கூச்சல் பெருகிக்கொண்டே போகும். எல்லாரும் உம் கொட்டுகிறார்கள், கதை சொல்லத்தான் ஆளில்லை என்கிற நிலைமை.

மேஜை மேஜையாகக் குனிந்து தேடினோம். ஜன்னலோரம், காலி மேஜைக்காக விட்டுவைத்திருந்த கேபிள் முனையை யாரோ எடுத்து, பக்கத்தில் சும்மா இருந்த, அதே பெட்டிக்குப் போகும் சுவர்த் துளையில் அழகாகச் சொருகியிருந்தார்கள். ஆபீஸ் பெருக்கும் செல்லம்மா அக்கா துடைப்பத்தோடு வந்து நின்றார். அவர் முகத்தில் குற்றம் எதுவும் இல்லை, ஒரு நல்ல காரியம் செய்த நிறைவுதான் இருந்தது. "வாயைத் தொறந்துக்கினே கெடந்துச்சு தம்பி. ஈ பூந்துடப்போவுதுன்னு நான்தான் அடைச்சேன்."

வெள்ளி கறுக்கும் மாடி

டேனரி வாசத்தைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. சாயங்காலம் வேலூர் பஸ்ஸில் ஏறினால் என் பக்கத்து சீட்டு காலியாகவே வரும், அவ்வளவுதான். அந்தக் காற்றுக்கு வேறொரு குணம் உண்டு. தோலிலிருந்து முடியை எடுக்கப் போடுகிற மருந்திலிருந்து கிளம்பும் ஆவி, வெள்ளியைக் கறுக்கவைத்துவிடும். அங்கே வேலைக்கு வரும் பெண்கள் யாரும் வெள்ளிக் கொலுசு போட்டு வரமாட்டார்கள். வெள்ளியைக் கறுப்பாக்குகிற காற்று செம்பை மட்டும் விடுமா? எங்கள் கேபிள் முனையில் சின்னச் சின்னதாக உலோகப் பற்கள் உண்டு. மேல்பூச்சு தேய்ந்ததும் அந்தப் பற்கள் கறுத்துப்போகும். கறுத்தால் வாய் பேசாது, கண் எரியாது. பெட்டி வைத்த இடமும் அப்படி: டேனரியைப் பார்த்த பின்பக்க ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவர். வேறு சுவர் காலியில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ஃபயாஸ் ஒரு வழி கண்டுபிடித்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிரப்பரை மெல்லிய துண்டாக வெட்டி, வாய்க்குள் விட்டுத் தேய்ப்பான். முனையையும் தேய்ப்பான். கண் எரியும். "பல்லு வெளக்கியாச்சு, இனிமே பேசும்" என்பான். ஒரு நாள் சம்பத் சாரிடம் பெட்டியை இடம் மாற்றித் தரும்படி கேட்டேன். கேட்டதாகத்தான் நினைக்கிறேன்; என் குரல் அவர் காதுவரை போனதா என்று சொல்ல முடியாது. கிரேஸ்மேரி அக்காவுக்குக் கேட்டுவிட்டது. அவர் வேலூரிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் வருகிறவர். வீட்டில் கணவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், அக்காவின் இ.எஸ்.ஐ. கார்டில்தான் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. வேலை இருக்கிறவரை கார்டு, கார்டு இருக்கிறவரை வைத்தியம் என்று யூசுப் பாய் சொல்லியிருக்கிறார். அக்காவின் பேச்சில் அதெல்லாம் வராது. அன்று டைப் அடித்துக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்: "கல்யாணத்துக்குப் போட்ட கொலுசே கறுத்துப்போச்சு எபி. உன் பெட்டி எந்த மூலைக்கு?"

ஒன்பதாம் வாய்

அப்புறம் ஆர்டர் குறைந்தது. வெளிநாட்டில் யாரும் ஷூ வாங்குவதில்லை என்றார்கள். கீழே தையல் ஹாலில் வரிசை வரிசையாக மிஷின்களுக்கு உறை போட்டார்கள். ஒரு நாள் காலை சம்பத் சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். "ஒன்பதாம் நம்பரை மூடிடு. இப்பவே." காரணமும் அவரே சொன்னார். வேலையை விட்டு அனுப்பப்படுகிற ஆள் கோபத்தில் எதையாவது அழித்துவிடக் கூடாது. அதனால் முதலில் போர்ட்டை மூடிவிட்டு அப்புறம் ஆளிடம் சொல்ல வேண்டும் என்பது மெட்ராஸ் உத்தரவு. பெட்டியோடு பேச எங்களுக்கு ஒரு கறுப்புத் திரை உண்டு. அதில் வாயின் எண்ணைச் சொல்லி, மூடு என்கிற அர்த்தத்தில் ஒரே ஒரு வார்த்தை தட்டினால் முடிந்தது. தட்டினேன். அந்தப் பச்சைக் கண் அணைந்தது.

வேணு சாரே என்னைத் தேடி வந்தார். "எபி, நெட்டு போயிடுச்சுப்பா. மெட்ராஸுக்கு ஒரு மெயில் பாதியில நிக்குது. இன்னான்னு பாரேன்." நான் அவர் மேஜைக்கு அடியில் போய்க் குனிந்து உட்கார்ந்து, ஒன்றுமே ஆகாத கேபிளைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. மேலே வாட்ச்மேனின் குரல் கேட்டது. வேணு சாரின் செருப்பு நகர்ந்தது. சம்பத் சார் அறைக்குள் போய்த் திரும்பி வந்ததும், வாட்ச்மேன் அவர் பையை எல்லார் முன்னாலும் திறந்து, டிபன் பாக்ஸைக்கூடத் திறந்து பார்த்தான். அதுவும் ரூல். அந்த ஆபீஸில் டீ நேரத்துக்கு டீ வந்துவிடும். அவர் மேஜையில் கிளாஸ் ஆடை கட்டி நின்றது. அதைப் பார்த்துவிட்டு, நான் அடியிலிருந்து எழுந்திருப்பதையும் பார்த்துவிட்டு, என்னிடம் கோபமே இல்லாமல் சொன்னார்: "முன்னாடியே தெரிஞ்சிருந்தா டீயையாவது குடிச்சிருப்பேன்பா. சூடா வந்துச்சு."

கண் பார்க்க வந்தவர்கள்

வேணு சாருக்குப் பிறகு இன்னும் சிலர். ஒவ்வொரு முறையும் முதலில் கண் அணையும், அப்புறம் வாட்ச்மேன் வருவான். ஆபீஸ்காரர்கள் முட்டாள்கள் இல்லையே. கொஞ்ச நாளில் காலையில் பையை மேஜையில் வைப்பதற்கு முன்னால் நேரே பெட்டிக்கு வர ஆரம்பித்தார்கள். கண்ணாடிக்கு முன்னால் குனிந்து தன் பேர் ஒட்டிய வாயைத் தேடி, பச்சையைப் பார்த்ததும் ஒரு பெருமூச்சு விட்டுப் போவார்கள். சிலர் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கிரேஸ்மேரி அக்கா தொடமாட்டார், தூரத்திலிருந்து ஒரு பார்வை பார்ப்பார். "உண்டியல் ஒண்ணு வெச்சுடலாமா மச்சான்?" என்று ஃபயாஸ் என் காதில் சொன்னான். சொல்லிவிட்டு அவனே சிரிக்கவில்லை. சம்பத் சார் கண்ணாடியின் மேல் நியூஸ்பேப்பர் ஒட்டச் சொன்னார். ஒட்டினோம். மறுநாள் பேப்பரில் சரியாகக் கண் வரிசைக்கு நேராக ஒரு கிழிசல்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. கம்ப்யூட்டரை அணைத்தாலும் அந்த வாயின் கண் அணைந்துவிடும். காலையில் வந்து பார்க்கும்போது கண் இருட்டாக இருந்தால், அது தானாக அணைந்ததா, யாராவது அணைத்ததா என்று எப்படித் தெரியும்? அதனால் வீட்டுக்குப் போகும்போது யாரும் கம்ப்யூட்டரை அணைக்காமல் போனார்கள். சனிக்கிழமை போனால் திங்கட்கிழமைவரை மாடி முழுக்க மிஷின்கள் ஓடிக்கொண்டே இருக்கும். திங்கள் காலையில் ஆபீஸ் அடுப்படிபோல் கொதிக்கும். அணைத்துவிட்டுப் போகச் சொல்லி யூசுப் பாயிடம் நான் கெஞ்சினேன், மிஷின் கெட்டுப்போகும் என்றேன். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மிஷின் கெட்டா வேற மிஷின் வரும் எபி. என் லைட்டு கெட்டா வேற யூசுப்தான் வருவான்."

பதினாலாம் வாய்

வாலாஜாபேட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்குக் கேபிள் போட வேண்டியிருந்ததால், ஒரு நாள் காலை நானும் ஃபயாஸும் ஆம்பூருக்குப் போகவில்லை. மத்தியானம்தான் போனோம். மாடிப்படி ஏறும்போதே ஆபீஸ் சத்தமில்லாமல் இருந்தது. கிரேஸ்மேரி அக்காவின் மேஜை துடைத்து வைத்ததுபோல் இருந்தது. அவருடைய ஸ்டேப்ளர் யூசுப் பாயின் மேஜையில் இருந்தது. அக்கா தண்ணீர் ஊற்றி வளர்த்த மணி பிளாண்ட் பாட்டிலும் அங்கேயே இருந்தது. பாய் எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து நடந்ததைச் சொன்னார்.

காலையில் அக்கா வழக்கம்போலக் கிழிசல் வழியாகப் பார்த்திருக்கிறார். பதினாலாம் கண் இருட்டு. கம்ப்யூட்டரை அணைக்காமல்தான் போயிருந்தார். மேஜைக்கு வந்து பார்த்தால் அது ஓடிக்கொண்டிருந்தது, நெட்தான் வரவில்லை. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் கூப்பிடுவார்கள், கூப்பிட்டால் வாட்ச்மேன் வருவான், பையைத் திறப்பான். டிராயரைக் காலிசெய்து, கணவரின் மாத்திரைச் சீட்டைப் பையில் வைத்து, அலமாரிச் சாவியை எடுத்துக்கொண்டு அவராகவே சம்பத் சார் அறைக்குப் போனார். கதவு திறந்துதான் இருந்தது. பேசியது பாயின் காதில் விழுந்திருக்கிறது. "நானே போயிடறேன் சார். வாட்ச்மேனை மட்டும் அனுப்பாதீங்க. இந்த மாசம் முடியிற வரைக்கும் என் பேரை எடுத்துடாதீங்க, கார்டுக்காகக் கேக்கறேன்."  பார்க்கிறேன் என்றாராம் சம்பத் சார். சாவியை வாங்கிக்கொண்டாராம்.

நான் ஓடிப்போய்க் கறுப்புத் திரையைத் திறந்தேன். பதினாலாம் வாயை யாரும் மூடவில்லை. மூடு என்கிற வார்த்தை அதற்கு நேராக இல்லவே இல்லை. ஃபயாஸ் கேபிளை உருவி முனையை வெளிச்சத்தில் காட்டினான். பற்கள் கரி அடுப்பில் கிடந்ததுபோல் கறுத்திருந்தன. ரப்பரை எடுத்துத் தேய்த்தான். வாயிலும் விட்டுத் தேய்த்தான். சொருகியதும் பச்சைக் கண் எரிந்தது. அத்தனை பேரும் எங்களுக்குப் பின்னால் வந்து நின்று அதைப் பார்த்தார்கள். யாரும் பெருமூச்சு விடவில்லை. ஃபயாஸ் ரப்பர் தூளைக் கையால் தட்டிவிட்டு, எப்போதும் கத்திப் பேசுகிறவன், என்னைப் போல மெதுவாகச் சொன்னான்: "அல்லாவே... பல்லு வெளக்காததுக்கா மச்சான் அந்தம்மா வேலை போச்சு?"

சாவி

சம்பத் சார் அறைக் கதவைத் தட்டிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போனேன். அதற்கு முன்னால் நான் அப்படி எங்கேயும் போனதில்லை. சாவி அவர் மேஜையில், போனுக்குப் பக்கத்தில் கிடந்தது.

"சார், பதினாலை நான் மூடல. நீங்க சொல்லவும் இல்ல. அது காத்துல கறுத்துப்போன கேபிள் சார். தப்பா நினைச்சுட்டாங்க."

"எனக்குத் தெரியும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நான் எந்த நம்பரும் சொல்லலியே, அப்ப எனக்குத் தெரியாதா? அந்தம்மா வந்து நின்னப்பவே தெரியும்."

"அப்ப ஏன் சார்..."

அவர் போனைக் காட்டினார். "மெட்ராஸ்ல இன்னும் ஒரு பேர் கேக்கறாங்க எபி. தினமும் கேக்கறாங்க. நானும் நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிக்கினே வர்றேன். அந்தம்மா தானா வந்து பேரைக் குடுத்தாங்க. நான் வாங்கிக்கினேன்."

நான் அங்கேயே நின்றேன்.  போகத் தோன்றவில்லை. கடைசியில், "கார்டு நின்னா அவங்க வீட்டுக்காரருக்கு வைத்தியம் நின்னுடும் சார்" என்று மட்டும் சொன்னேன். எனக்கே கேட்டது. அவர் சாவியை விரலால் மேஜையின் இந்த ஓரத்துக்குத் தள்ளினார். "கொண்டுபோய்க் குடு. அந்தம்மா இங்க வரவே இல்ல. நான் பார்க்கவே இல்ல."

அக்கா கேட்டுக்குப் பக்கத்தில், பஸ் நிற்கும் இடத்து சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்தே அங்கேதான்; வந்த அவசரத்தில் நாங்கள்தான் கவனிக்கவில்லை. நேரத்துக்கு முன்னால் வீட்டுக்குப் போனால் கணவருக்குத் தெரிந்துபோகும் என்று சாயங்கால கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்திருந்தார். சாவியைக் கையில் வைத்து, யாரும் மூடவில்லை, பற்கள்தான் கறுத்தன, ஃபயாஸ் தேய்த்துவிட்டான், மேலே உங்கள் லைட்டு எரிகிறது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அக்கா சாவியைப் பார்த்தார். பையின் ஜிப்பை இரண்டு தடவை திறந்து மூடினார். அழுவார் என்று நினைத்தேன். நிமிர்ந்து, நல்ல கோபத்தோடு கேட்டார்: "ஏம்பா, அந்த ரப்பரைத் தினமும் போட்டுத் தேய்ச்சா உங்க கை தேஞ்சா போயிடும்?"

இரண்டு டீ

மறுநாளிலிருந்து ஃபயாஸ் தினமும் தேய்த்தான். அக்கா ஒரு அழிரப்பர் டப்பாவே வாங்கிவந்து பெட்டிக்கு மேல் வைத்தார். சம்பத் சாரின் அறையிலிருந்து போன் சத்தம் அடிக்கடி கேட்டது. ஒரு தடவை அவர் உரக்கப் பேசியது ஹால் முழுவதும் கேட்டது: "இங்க எல்லாரும் வேணும் சார். இனிமே என்கிட்ட பேர் இல்ல." அதன் பிறகு போன் ஓய்ந்துவிட்டது. பிழைத்தோம் என்று யூசுப் பாய்கூட ஒரு சனிக்கிழமை தன் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போனார்.

பிறகு ஒரு காலையில் மெட்ராஸிலிருந்து நேராக என் செல்லுக்கே கூப்பிட்டார்கள். புதுக் குரல். பேர் சொல்லவில்லை, நம்பர்தான் சொன்னது. "ஒண்ணாம் நம்பர் போர்ட். உடனே மூடணும். மூடிட்டு எனக்குச் சொல்லு."

நான் கறுப்புத் திரைக்குப் போகவில்லை. கேன்டீனுக்குப் போனேன். டீ நேரம் ஆகவில்லை. கேட்டு, நின்று, போட்டு வாங்கிக்கொண்டு, இரண்டு கிளாஸோடு படி ஏறினேன். சம்பத் சார் எதையோ படித்துக்கொண்டிருந்தார். ஒரு கிளாஸை அவர் முன்னால் வைத்தேன்.

"யாருக்கு?"

"உங்களுக்குதான் சார்."

"நான் கேக்கலியே."

"சூடா இருக்கு சார். குடிச்சிடுங்க."

அவர் கிளாஸைப் பார்த்தார். என் கையிலிருந்த இன்னொரு கிளாஸைப் பார்த்தார். வேணு சாரின் மேஜையில் ஆடை கட்டிய டீயை அவரும் அன்றைக்குப் பார்த்தவர்தானே. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"எந்த நம்பர்?"

"ஒண்ணு சார்."

தலையை மட்டும் ஆட்டினார். "உட்கார்" என்றார். அந்த அறையில் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அவர் அவசரப்படாமல் குடித்தார். நானும் குடித்தேன். நடுவில் என் செல் அடித்தது. எடுக்கவில்லை, அவரும் எடுக்கச் சொல்லவில்லை. அடிவரை குடித்து, கிளாஸை வைத்து, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சக்கரை ஜாஸ்தி."

தன் பையை அவரே எடுத்துக்கொண்டார். ஹாலுக்கு அவர் வந்ததும் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். எப்படித் தெரிந்ததோ, யாரும் பெட்டியைப் போய்ப் பார்க்கவில்லை. கிரேஸ்மேரி அக்கா மட்டும் மேஜையை விட்டு வந்து அவரோடு படி இறங்கினார். நானும் பின்னால் போனேன். கேட்டில் வாட்ச்மேன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஒதுங்கி நின்றான். சம்பத் சார் பையை அவன் முன்னால் வைத்து ஜிப்பைத் திறந்தார். "பாருப்பா. நான் போட்ட ரூல்தானே." அவன் குனியவில்லை. அக்காதான் குனிந்து அந்த ஜிப்பை மூடி, பையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.   கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அக்கா படி ஏறிப் போனார், அவருக்கு அன்று கப்பல் பேப்பர் இருந்தது. சம்பத் சார் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் பெரிய ரோட்டைப் பார்த்து நடந்தார். டேனரிச் சுவர் முடிகிற இடம்வரை அவர் சட்டை தெரிந்தது. அவர் திரும்பி மறைந்த பிறகு மாடிக்குப் போய் ஒன்றாம் வாயை மூடினேன், கூப்பிட்டும் பார்த்தேன், அது உம் கொட்டவில்லை.

ஒரு வாயை மூட ஒரு வார்த்தை போதும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு முன்னால் ஒரு டீ சொல்ல வேண்டும் என்பதைத்தான் பாடத்தில் சேர்க்க மறந்துவிட்டார்கள்.